கல்யாணமாகி 14 மாதம், கருத்தரிப்பு மையத்துக்கு இப்போதே போக வேண்டுமா?

நீங்கள் நீளமாக எழுதியிருந்ததை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்களுக்கு 31 வயது, கணவருக்கு 35. திருமணமாகி 14 மாதம், ஆனால் அதில் முதல் பாதி அவர் மஸ்கட்டில் இருந்தார், நடுவில் ஒரு லீவுக்கு வந்து போனார். வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கே வந்து இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கி 7 மாதம்தான் ஆகிறது. மாதவிலக்கு 28, 30 நாளில் ஒழுங்காக வருகிறது. பக்கத்து டாக்டர் 5 மாதமாக, கருமுட்டையை வளர்க்கிற லெட்ரோசோல் மாத்திரை கொடுத்து, ஸ்கேனில் கருமுட்டை வளர்ச்சி பார்த்து, முட்டை வெடிக்க ஊசியும் போட்டிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் நடந்த ஓர் இலவச முகாமில் ரத்தம் எடுத்து, ஏஎம்ஹெச் (கருமுட்டை இருப்பைக் காட்டுகிற ஹார்மோன்) 1.4, குறைவாக இருக்கிறது, நேரே ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை முறை) போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் நகையை அடகு வைக்கவும் தயார். கணவர் "எனக்கு எதுக்கு டெஸ்ட்" என்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், அவருக்குச் சின்ன வயதில் ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். போவதா காத்திருப்பதா என்று கேட்டிருந்தாலும், எங்களிடம் உண்மையிலேயே ஏதாவது கோளாறு இருக்கிறதா, இல்லை எங்களைப் பயமுறுத்துகிறார்களா என்பதுதான் உங்கள் கேள்வி என்று நினைக்கிறேன்.

நான் மகப்பேறு மருத்துவர். ஐவிஎஃப் லேப் நடத்துபவள் இல்லை, யாரை அங்கே அனுப்ப வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று தினமும் முடிவெடுக்கிற இடத்தில் இருப்பவள். உங்களை நேரில் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டும் கையில் இல்லை, அதனால் இதைச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதையும் சேர்ந்து வாழ்ந்த மாதங்களையும் மட்டும் பார்த்தால் நீங்கள் இன்னும் காத்திருக்கலாம். ஆனால் அந்தக் கடைசி வரியில் எழுதிய ஆபரேஷனால், பரிசோதனையை இந்த மாதமே செய்ய வேண்டும், அதுவும் அவருக்கு. ஐவிஎஃப் பேச்சுக்கு இப்போது இடமே இல்லை.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். கருத்தடை எதுவும் இல்லாமல், ஒழுங்காக உறவு வைத்துக்கொள்கிற 100 தம்பதிகளில் 80க்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடும். மீதி இருப்பவர்களிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அடுத்த வருடத்தில் தானாகவே தங்கும். அதனால்தான் உலகம் முழுக்க 12 மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் அது 6 மாதம். 40 தாண்டியிருந்தால் காத்திருப்பே கிடையாது, குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே டாக்டரைப் பார்ப்பது நல்லது. 35க்குப் பிறகு கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் சேர்ந்து குறைகின்றன, கருச்சிதைவும் கூடுகிறது, எந்த மாத்திரையாலும் அதைத் திருப்ப முடியாது.

இந்த 12 மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் நம் வீடுகளில் குழப்பம். முகூர்த்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். "விசேஷம் உண்டா" என்று கேட்கிற சித்திக்கும் பெரியம்மாவுக்கும் அந்தத் தேதிதான் கணக்கு, டாக்டருக்கு இல்லை. கணவர் வெளிநாட்டில் இருந்த மாதம், ஆடிக்கு அம்மா வீட்டில் இருந்த மாதம், ஒருவருக்கு நைட் ஷிஃப்ட் இன்னொருவருக்குப் பகல் ஷிஃப்ட் என்று முகம் பார்த்துக்கொண்டதோடு போன மாதம், இதெல்லாம் கழிய வேண்டும். உங்கள் 14 மாதத்தைக் கழித்தால் 7, லீவில் வந்ததைச் சேர்த்தால் 8. பயப்பட வேண்டிய எண் அல்ல இது.

இன்னொன்றும் கேட்க வேண்டும், நேரில் வந்திருந்தாலும் கேட்டிருப்பேன், வெட்கப்பட வேண்டாம். உறவு முழுமையாக நடக்கிறதா? குழந்தை இல்லை என்று வருகிறவர்களில், நீங்கள் நினைப்பதைவிட அதிகமான பேருக்குப் பிரச்சினை கர்ப்பப்பையிலும் இல்லை, விந்தணுவிலும் இல்லை. பயத்தில் பெண்ணுக்குத் தசைகள் இறுகிக்கொண்டு உறவே சாத்தியமில்லாமல் இருக்கும், வெஜைனிஸ்மஸ் என்போம். அல்லது கணவருக்கு விறைப்பு நிற்காது, அல்லது "இன்னைக்கு 14ஆம் நாள், டாக்டர் சொல்லிட்டாங்க" என்கிற அழுத்தத்திலேயே அன்றைக்கு எதுவும் நடக்காது. கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் கழித்து, விந்தணுவை நேரே கர்ப்பப்பைக்குள் செலுத்துகிற ஐயூஐ எல்லாம் செய்து முடித்த பிறகு, உள் பரிசோதனைக்குப் படுக்க வைக்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அதுவரை யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை, மாமியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் சொல்வாள்? இது சரி செய்யக்கூடியதுதான். பொறுமையான பயிற்சியும் ஆலோசனையும் போதும், பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் டாக்டரிடம் ஒரு முறையாவது தனியாகப் பேச நேரம் கேட்டு வாங்குங்கள். தராத டாக்டரை மாற்றுங்கள்.

நாள் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும், கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும்தான் வாய்ப்புள்ள நாட்கள். முட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். 28 நாள் சுழற்சிக்காரருக்கு அது 14ஆம் நாளில் விழும், 34 நாள் சுழற்சிக்காரருக்கு 20ஆம் நாளில். எல்லாருக்கும் 14ஆம் நாள் என்று ஒரே நாளைக் குறித்துக் கொடுப்பதில் அர்த்தமில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு இருந்தால் காலண்டரே தேவையில்லை. உறவுக்குப் பிறகு காலைத் தூக்கிச் சுவரில் வைப்பது, அசையாமல் படுத்திருப்பது இதற்கெல்லாம் ஆதாரம் இல்லை.

சரி, ஒரு வருடம் காத்திருக்கக் கூடாதவர்கள் யார்? அந்தக் கணக்கு, பழைய கதை எதுவும் இல்லாத தம்பதிக்கு மட்டும்தான். மாதவிலக்கு 21 நாளுக்குள் வந்துவிடுகிறதென்றாலோ, 35 நாளைத் தாண்டித் தாண்டி வருகிறதென்றாலோ, மாத்திரை போட்டால்தான் வருகிறதென்றாலோ முட்டை ஒழுங்காக வெளியாகவில்லை என்று பொருள், காத்திருந்து ஆகப்போவது எதுவும் இல்லை. நீர்க்கட்டி என்று நம் ஊரில் சொல்கிற பிசிஓஎஸ் பெரும்பாலும் இந்த வகை. மாதவிலக்கு வலி வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போவது, உறவின்போது ஆழத்தில் வலிப்பது எண்டோமெட்ரியோசிஸாக (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்கிற நோய்) இருக்கலாம். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லியே பல வருடம் வீணாகிற நோய் அது. குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனவர்கள், கருக்குழாயில் கர்ப்பம் தங்கியவர்கள், சினைப்பையில் கட்டி எடுத்தவர்கள், இரண்டு முறை கரு கலைந்தவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 40க்கு முன்பே மாதவிலக்கு நின்ற குடும்பத்தார், இவர்களெல்லாம் முன்கூட்டியே வர வேண்டியவர்கள். காசநோய் வந்து போனவர்களும்தான். நுரையீரலில் வந்த காசநோய் கருக்குழாயையும் அடைத்துவிட்டுப் போவது நம் நாட்டில் இன்றும் நடக்கிறது. புற்றுநோய்க்கு கீமோ தொடங்கப்போகிறவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும், கல்யாணமே ஆகாதவரானாலும், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கருத்தரிப்பு நிபுணரைப் பார்த்துவிட வேண்டும். விந்தணுவையோ கருமுட்டையையோ உறைய வைத்துவிட்டுப் போகலாம்.

ஆண்கள் பக்கம் இப்படி ஒரு பட்டியல் இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணம் தனியாகவோ சேர்ந்தோ இருக்கும். பிறக்கும்போது விரை கீழே இறங்காமல் இருந்தவர்கள், வயது வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியவர்கள், விரையில் அடிபட்டவர்கள், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போட்டுக்கொண்டவர்களும் அப்படியே. இந்த ஊசி விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு தன் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும், எண்ணிக்கை பூஜ்யம் வரைகூடப் போகும். "ஆண்மை கூட" என்று போட்டதே பிள்ளைக்குத் தடையாகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

உங்கள் கணவரின் ஹெர்னியா இங்கேதான் வருகிறது. குழந்தைக்கு அடிவயிற்றோரம் ஹெர்னியா ஆபரேஷன் செய்தார்கள் என்றால், விந்து வருகிற குழாய் அதே பாதையில்தான் போகிறது, அரிதாக அதில் காயம் பட்டிருக்கலாம். அதைவிட முக்கியம், இறங்காத விரையைக் கீழே கொண்டுவந்து வைக்கிற ஆபரேஷனையும் வீட்டில் பெரியவர்கள் "ஹெர்னியா" என்றே சொல்லி வைத்திருப்பார்கள், இரண்டும் சேர்ந்தே நடப்பதும் உண்டு. அவருடைய அம்மாவிடம் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா, எத்தனை வயதில் என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் கவலையில்லை, இரண்டு பக்கமும் என்றால் விந்தணு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஊகித்துக்கொண்டிருப்பதைவிட ஒரு டெஸ்டில் தெரிந்துகொள்ளலாம். அவருக்கு டெஸ்ட் எடுக்காமல் உங்களுக்கு 5 மாதம் மாத்திரை கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை, அதை மறைக்கப் போவதில்லை. உங்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, அதாவது முட்டை தானாகவே வெளியாகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வெறும் மாத்திரையால் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு ஆதாரம் பலவீனம். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அதே லெட்ரோசோல்தான் இன்று முதல் தேர்வு. மாத்திரை அட்டையைப் படித்துவிட்டு மார்பகப் புற்றுநோய் மருந்தாயிற்றே என்று பயந்திருந்தீர்கள். இந்தியாவில் 2011இல் கருத்தரிப்புக்கு அதைத் தடையே செய்தார்கள், பிறகு தடையை நீக்கிவிட்டார்கள். அந்தப் பயம் வேண்டாம். உங்களுக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி.

விந்துப் பரிசோதனை, லட்சக்கணக்கில் போகிற சிகிச்சைகளோடு ஒப்பிட்டால் செலவே இல்லை. 2 முதல் 7 நாள் வரை உறவோ சுய இன்பமோ இல்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். லேபிலேயே தனி அறை இருக்கிற இடமாகப் பாருங்கள். அங்கே முடியவில்லை என்றால் வீட்டில் எடுத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம், முன்கூட்டியே லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. ரிப்போர்ட் வந்ததும் நீங்களே படித்துக் கலங்க வேண்டாம். இயல்பான வடிவம் 4 சதவீதம் இருந்தாலே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதைத் தெரியாமல் "96 சதவீதம் குறையாம்" என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் ஏராளம். எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்த அசைவு 42 சதவீதம், இதுதான் 2021 பதிப்பின் கீழ் எல்லை. எல்லைக்குக் கீழே வந்தால் குழந்தை பிறக்காது என்றும் இல்லை, மேலே வந்தால் நிச்சயம் பிறக்கும் என்றும் இல்லை. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது, போன மாதம் டெங்கு வந்திருந்தால் இந்த மாத ரிப்போர்ட் மோசமாகத்தான் இருக்கும். அதனால் குறைவாக வந்தால் சுமார் 3 மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம். ஒன்றுமே இல்லை, பூஜ்யம் என்று வந்தால் மட்டும் அவ்வளவு நாள் காத்திருக்காமல் உடனே மறுபடி எடுத்து, ஆண் மலட்டுத்தன்மை பார்க்கிற யூராலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். அப்போதும் கதை முடிந்துவிடவில்லை, அடைப்பு காரணமென்றால் விரையிலிருந்தே விந்தணுவை எடுத்துச் செய்கிற வழி இருக்கிறது.

அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். "உங்ககிட்ட குறை இருக்கான்னு பாக்கணும்" என்று பேச்சைத் தொடங்கினால் எந்த ஆணும் முறுக்கிக்கொள்வான். "எனக்கு அடுத்த டெஸ்ட்ல கர்ப்பப்பைக்குள்ள மருந்து விட்டு எக்ஸ்ரே எடுக்கணுமாம், வலிக்குமாம், அதுக்கு முன்னாடி உங்க ரிப்போர்ட் கேக்கறாங்க" என்று சொல்லுங்கள். பொய் இல்லை, வரிசையே அதுதான். ரிப்போர்ட்டை மாமியாரிடமோ நாத்தனாரிடமோ காட்ட வேண்டிய கடமை உங்கள் இருவருக்கும் இல்லை என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல ஆண்களுக்கு டெஸ்ட்டைவிட அந்தப் பயம்தான் பெரிது.

இனி அந்த 1.4. ஏஎம்ஹெச் என்பது சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்கிற எண். ஐவிஎஃப் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அது உதவும், அதற்கு நல்ல டெஸ்ட்தான். தானாகக் கரு தங்குமா என்பதை அது சொல்லாது. ஒரு மாதத்துக்கு வெளியாவது ஒரே முட்டை, குதிரில் பத்து மூட்டை இருந்தாலும் மூன்று மூட்டை இருந்தாலும் இன்றைய உலைக்குப் போவது ஒரு படிதான். 30 முதல் 44 வயதுப் பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2017இல் வெளியான ஆய்விலும், ஏஎம்ஹெச் குறைந்தவர்களுக்கு இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் குழந்தையின்மைப் பிரச்சினை என்று வந்தவர்கள் அல்லர், அதனால் உங்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. எண் வருடத்துக்கு வருடம் குறையும் என்பதும் உண்மை. எனவே 1.4 என்பது "மூன்று நான்கு வருடம் தள்ளிப் போடாதீர்கள்" என்று சொல்லத் தகுதியான எண், "நாளைக்கே பணம் கட்டுங்கள்" என்று சொல்லத் தகுதியான எண் இல்லை. கணவர் ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்காமல் ஐவிஎஃப் பேக்கேஜ் விலை சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு கருக்குழாயும் அடைப்பு, விந்தணு மிகமிகக் குறைவு, வயது 40ஐ நெருங்குகிறது, இப்படி இருந்தால் நேரே ஐவிஎஃப் என்பது நியாயமான ஆலோசனைதான். நான் அதற்கு எதிரி இல்லை, தேவையானவர்கள் திருக்கருகாவூர் நெய், நாட்டு மருந்து, ஜாதகப் பரிகாரம் என்று 38 வயது வரை தள்ளிப்போட்டு வருவதைப் பார்த்தால் அதற்கும் கோபம்தான் வருகிறது. கோயிலுக்குப் போங்கள், நெய்யும் சாப்பிடுங்கள், டெஸ்ட்டையும் எடுங்கள், ஒன்றுக்கொன்று பகை இல்லை.

மருத்துவத்துக்கே தெளிவில்லாத இடங்களும் உண்டு. எல்லா டெஸ்ட்டும் சரியாக இருந்தும் கரு தங்காதவர்கள் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு, "காரணம் தெரியவில்லை" என்று எழுதி வைக்கிறோம். அவர்களுக்கு எவ்வளவு நாள் காத்திருப்பது, ஐயூஐ எத்தனை முறை செய்வது என்பதில் டாக்டர்களிடையே ஒத்த கருத்து இல்லை. விந்தணு கூட என்று எழுதித் தருகிற சத்து மாத்திரைகள் குழந்தை பிறப்பைக் கூட்டுகின்றனவா என்பதும் தெளிவில்லை. கர்ப்பப்பைத் திசுவில் காசநோய் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடுகிற டெஸ்ட்) பாசிட்டிவ் என்று ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து 6 மாதம் மருந்து கொடுப்பது சர்ச்சைக்குரியது, அப்படி யாராவது சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதாக நான் நினைப்பது இதுதான். மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தலாமா என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் இன்றே தொடங்கலாம். தைராய்டு, சர்க்கரை, ரூபெல்லா எதிர்ப்பு சக்தி பார்த்துவிடுங்கள். ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டியிருந்தால் அதற்குப் பிறகு ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவர் புகை பிடிப்பவர் என்றால் நிறுத்த வேண்டும். அவர் ரிப்போர்ட் சரியாக வந்தால் இன்னும் 4, 5 மாதம் நிம்மதியாக முயலுங்கள், அதற்குள் தங்கவில்லை என்றால் கருக்குழாய் டெஸ்ட்டோடு நிபுணரிடம் போகலாம். ரிப்போர்ட் மோசமென்றால் 12 மாதக் கணக்கை மறந்துவிட்டு இப்போதே போங்கள். போகிற மையம், கருத்தரிப்பு மையங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. பணம்தான் தடை என்றால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024 முதல் அரசுக் கருத்தரிப்பு மையம் இருக்கிறது, திருப்பூரிலிருந்து தூரம்தான், ஆனாலும் நகையை அடகு வைப்பதற்கு முன் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். எங்கே போனாலும் அந்த 5 மாத ஸ்கேன் தாள்கள், முகாமில் கொடுத்த ஏஎம்ஹெச் தாள், கிடைத்தால் அவருடைய பழைய ஆபரேஷன் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள்.